அளவுக்கு ஒரு தம்பி

பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். தம்பி கட்டிலில், போர்வைக்குள் இருக்கிறான். ஆனால் தோட்டத்திலிருந்து கூப்பிடுவதும் அவன்தான்.

"அக்கா, இன்னும் எவ்ளோ நேரம் நிக்கணும்? கால் வலிக்குது."

அம்மாவுக்கு இரவு வேலை. போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். தூங்கிவிடாதே.

எல்லாம் அந்த வாட்ஸ்அப் சிலந்திக் குழுவால் வந்தது. தோட்டத்துச் சிலந்தியைப் படமெடுத்துப் போட்டால் பெயர் சொல்வார்கள். குழுவை நடத்துபவருக்கு வலைமாமா என்று பெயர். டார்ச்சைப் புருவத்தோடு ஒட்டிப் பிடித்தால் புல்லுக்குள் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் மின்னும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். இன்று அப்படித்தான் பார்த்தேன். ஈரமண் வாசனை மூக்கில் ஏற, புல் முழுக்கக் கடுகைச் சிதறவிட்ட மாதிரி பச்சைப் பொட்டுகள் மினுங்க, அதற்கும் அப்பால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு மட்டும் பெரிதாக, இமைக்காமல் நின்றன. படம் போட்டேன்.

"சைஸ் தெரியலையேம்மா. அளவுக்குப் பக்கத்துல எதையாவது வச்சு எடு," என்றார் வலைமாமா.

தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பி இழுத்துப் போனேன்.

"பயமா இருக்குக்கா."

"ஏழு கழுதை வயசாகுது, சிலந்திக்குப் போய் பயப்படுற. தொட்டிகிட்ட நில்லு. அசைஞ்சே, தொலைச்சிடுவேன்."

அழுதுகொண்டே நின்றான். எடுத்தேன். படத்தில் அந்தக் கண்கள் அவன் தலைக்கு மேலே இருந்தன. ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண்.

டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவனை விட்டுவிட்டு. வாசற்படியில் ஒரு சின்னக் கை என் கைக்குள் நுழைந்தது. அப்பாடா என்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.  நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிறகுதான் வெளியே அந்தக் குரல்.

குழுவில் கேட்டேன். வலைமாமா உடனே எழுதினார்: "உள்ள இருக்கிறவன் மூஞ்சில லைட் அடி. மனுசக் கண்ணு பச்சையா மின்னாது."

போர்வையை விலக்கினேன். போன் வெளிச்சம்.

பச்சை. இரண்டும்.

ஜன்னலுக்குத் தாவினேன். வெளிச்சத்தை வெளியே அடித்தேன். தொட்டியருகே தம்பி. கன்னமெல்லாம் கண்ணீர். அவன் கண்ணில் மினுக்கம் இல்லை. அவன் தலைக்கு மேலே இருந்தது. இப்போது இன்னும் கிட்டத்தில்.

"நான் அசையவே இல்லக்கா. நீ சொன்ன மாதிரியே நிக்கறேன்."

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று குழுவில் போட்டேன். போன் அதிர்ந்தது. "ஜோடியா! கொடுத்து வச்சவம்மா நீ! பையனை அசைய விடாதே."

அவனுக்காகச் சொல்கிறாரா? படத்துக்காகவா?

என் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. தரையில் கால்கள். இரண்டு. இன்னும் இரண்டு.

எனக்கும் கதவுக்கும் நடுவில்.

"அக்கா, என் தோள்ல என்னமோ ஊருது."

சீக்கிரம் சொல். அவனை ஓடச் சொல்லவா, அசையாமல் நிற்கச் சொல்லவா?