உயிரோடிருந்த கூனிகள்

1984 ஏப்ரல். உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்த வெள்ளிக்கிழமை. காலை 6.00.

குருநகர்க் கரையில் இருந்த தகரக் கொட்டிலைத் திறந்த பொன்னம்பலம், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நான்கு சீமெந்துத் தொட்டிகள். மூன்றில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. வண்ணாத்தி மீன், சிங்க மீன், கோடு போட்ட சின்னக் கடல் மீன்கள். கொழும்பு வழியாக வெளிநாட்டு வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போக வேண்டியவை. காற்றுப் பம்பு மட்டும் எதுவுமே நடக்காததுபோலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அவருடைய மீன்கடை எரிந்தது. உயிரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு கொக்குவிலுக்கு வந்து, இந்தக் கொட்டிலில் மறுபடி தொடங்கியவர். இப்போது இதுவும் போய்விட்டது. பாவம்தான். ஆனால் அடுத்து அவர் செய்த காரியத்துக்குப் பாவம் பார்க்க முடியாது.

"உது கிறகோரியின்ரை வேலை!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். சுழியோடி மீன் பிடித்துக் கொடுப்பவன் கிறகோரி. புதன்கிழமை இருவருக்கும் வாய்ச்சண்டை. "உதுகள் ஒண்டும் மிஞ்சாது, பாரும்!" என்று அவன் கத்தியதை அயல் முழுக்கக் கேட்டது.

எட்டு மணிக்குப் பொன்னம்பலம், கிறகோரி மீனுக்கு நஞ்சு வைத்தான் என்று பொலிசில் முறைப்பாடு சொல்லி என்றி போட்டார். ஒன்பது மணிக்கு ஜீப் வந்து கிறகோரியை ஏற்றிப் போனது. அந்த நாட்களில் ஜீப்பில் ஏறிய இளைஞன் பின்னேரம் வீடு திரும்புவான் என்று யாரும் நம்பவில்லை.

அவன் மனைவி ஸ்ரெல்லா நேரே ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் சந்தியோகுவின் வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, என்ரை மனுசன் மீனுக்கு நஞ்சு வைக்கிற ஆளே?"

"நான் சொல்லி அவங்கள் கேக்க மாட்டாங்கள், பிள்ளை. பொன்னம்பலம் தன்ரை வாயாலை சொன்னால்தான் விடுவாங்கள். வா, கொட்டிலுக்குப் போவம். புதன்கிழமை என்ன சண்டை?"

"மீனெல்லாம் சுவரிலை உரஞ்சுதாம். மேலிலை தூள் பூத்த மாதிரிக் கிடக்காம். வருத்தம் வந்திட்டுது, உதுகள் மிஞ்சாது எண்டு இவர் சொன்னவர். அதுக்கு அந்தாள் ஏசினதாம்."

சந்தியோகு சைக்கிளை உருட்டினார்.

காலை 10.30. கொட்டில்.

பொன்னம்பலம் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்து. அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"யன்னலுக்குக் கீழை கிடந்தது, சார்ஜன்ட் ஐயா. இதைத்தான் ஊத்தியிருக்கிறான்."

சந்தியோகு முதல் தொட்டியின்மேல் குனிந்தார். செத்த மீன்களுக்கிடையில் கண்ணாடிபோன்ற கூனி இறால்கள் துள்ளித் திரிந்தன. நாலாவது தொட்டியில் மீன்கள் உயிரோடு சுவர்ப் பாசியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

"மீனுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீர்?"

"நுளம்புப் புழு. வெளியிலை பீப்பாவிலை, நல்ல தண்ணியிலை வளருது."

"இதுக்குள்ளை கூனியெல்லோ நீந்துது."

பொன்னம்பலம் தொண்டையைச் செருமினார். "புழு முடிஞ்சு போச்சு. கிறகோரிதான் கூனி கொண்டுவந்து தந்தவன். உயிர்ச் சாப்பாடெண்டால் மீன் நல்லா நிறம் பிடிக்கும்."

"எப்ப தந்தவன்?"

"போன வெள்ளி. விடியக் கடலுக்குப் போய்ப் பிடிச்சவன்."

ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள். சந்தியோகு கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாலாந் தொட்டிக்கும் கூனி போட்டனீரோ?"

"இல்லை. அது பாசி தின்னிற மீன்."

சந்தியோகு கொட்டிலின் பின்புறம் போனார். தொட்டிகளின் கழிவுநீர் விழும் குழி அங்கே இருந்தது. வற்று நேரம் குட்டை, பெருக்கு நேரம் கடலோடு சேர்ந்துவிடும். போன மாதம் நோயில் செத்த மீன்களின் முள்ளும் செதிலும் அடியில் கிடந்தன. அவற்றின்மேல் கூனி மொய்த்தது. வேலியில் ஒரு தடி. தடியின் நுனியில் நுளம்பு வலைத் துண்டு பை மாதிரிக் கட்டியிருந்தது.

திரும்பி வந்து ஒரு பேசினை எடுத்தார். முதல் தொட்டித் தண்ணீரைக் கூனியோடு அள்ளினார். போத்தலைச் சரித்து இரண்டு சொட்டு விட்டார். கொஞ்ச நேரந்தான். கூனிகள் சுருண்டன, பக்கவாட்டில் சரிந்தன, பிறகு அசையவில்லை.

"பார்த்தீரே? தொட்டிக்குள்ளை இந்த மருந்தை ஆரும் ஊத்தியிருந்தால் மீனுக்கு முதல் கூனிதான் செத்திருக்கும். மீன் செத்துப்போச்சு, கூனி துள்ளுது. தொட்டியிலை நஞ்சில்லை."

"அப்ப மீன்..."

சந்தியோகு செத்த மீனொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் சரித்தார். உடம்பில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. செவுளுக்குள்ளும் அதே தூள்.

"வருத்தம். கூனி போட்ட மூண்டு தொட்டியிலையும் வந்தது, போடாத தொட்டியிலை வரேல்லை. பின்னாலை குழியிலை பழைய வருத்தக்கார மீனைத் தின்னிற கூனி. அதைத் தண்ணியோடை அள்ளி நல்ல மீனுக்குப் போட்டால், சாப்பாட்டோடை வருத்தமும் போகும். போத்தல் உம்மடை கொக்குவில் வளவிலையிருந்து நீர் கொண்டந்து போட்டது. குருநகரிலை ஆர் வெங்காயம் வைக்கிறான்?"

"கூனி கிறகோரி தந்தது!"

"போன வெள்ளி என்ன நாள், பொன்னம்பலம்?"

"வெள்ளிக்கிழமைதானே, வேறென்ன?"

"பெரிய வெள்ளி. ஆண்டவர் செத்த நாள். அண்டைக்குக் குருநகரிலை ஒரு வள்ளமும் இறங்காது. கிறகோரி காலமை தொடக்கம் கோயிலிலை. நீர் கொக்குவில் சைவ ஆள், உமக்கு அது நினைவிலை இல்லை. அண்டைக்குக் கூனி விக்க ஆருமில்லை. புழுவுமில்லை. மீன் பசியிலை கிடக்க, நீர்தான் குழியிலை அள்ளினீர்."

பொன்னம்பலம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"கொழும்பிலை கடையை எரிச்சவங்கள்," என்றார். "அது மற்றவன் செய்தது. நெஞ்சு தாங்கிச்சுது. இது என்ரை கையாலை எண்டால்... என்னாலை ஏலாமல் போச்சு, ஐயா. ஆராவது ஒருத்தன் செய்ததாய் இருக்கோணும் போலை கிடந்தது."

"அதுக்கு என்ரை மனுசனே கிடைச்சது?" ஸ்ரெல்லா கேட்டாள்.

"எழும்பும். ஸ்ரேசனுக்குப் போய் இதைச் சொல்லும்," என்றார் சந்தியோகு.

பொன்னம்பலம் எழும்பவில்லை. "பொய் என்றி எண்டு என்னைப் பிடிச்சு வைச்சால்? எனக்கு அங்கை போகப் பயமாய்க் கிடக்கு."

"அவருக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்," என்றாள் அவள்.

அவர் எழுந்தார். மூன்று பேரும் வெயிலில் நடந்தார்கள்.

காலை 11.40. பொலிஸ் வாசல்.

காவலுக்கு நின்றவன் சந்தியோகுவை அடையாளம் கண்டு சல்யூட் அடித்தான். விஷயத்தைக் கேட்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"காலமை கொண்டந்த சுழியோடியோ, சார்ஜன்ட்? போயிட்டான். பத்தரைக்கு ஆமி லொறி வந்தது. எல்லாரையும் முகாமுக்கு ஏத்திட்டினம்."

"எந்த முகாமுக்கு?"

"சொல்லேல்லை."

"நான் உண்மையைச் சொல்ல வந்தனான், தம்பி," என்றார் பொன்னம்பலம். "எழுதுங்கோ. அவன் ஒண்டும் செய்யேல்லை."

காவலன் உள்ளே கையைக் காட்டினான். எழுதலாம், அதற்குத் தடையில்லை என்பதுபோல.

ஸ்ரெல்லா அழவில்லை. சந்தியோகுவின் பக்கம் திரும்பினாள்.

"பத்தரைக்கு இந்தாள் எங்களுக்கு என்ன சொல்லிக்கொண்டு நிண்டவர், மாமா?"

சந்தியோகுவுக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னார்.

"கிறகோரிதான் கூனி கொண்டுவந்தவன் எண்டு."

பொன்னம்பலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.