கொக்கியில் தொங்கிய சிவப்புச் செருப்பு

யிட்கா தர வேண்டியது நாற்பத்தேழு கொருணா. ராஸ்பெரி சோடாவுக்கு இருபத்தொன்பது, கசகசா பன்னுக்குப் பதினெட்டு.

சோடா வயிற்றுக்குள் போய்விட்டது. பன்னும் போய்விட்டது. அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது, கையில் காசில்லை. அவளுடைய ஐம்பது கொருணா நாணயம் கோட்டுப் பையில் இருக்கிறது. கோட்டோ நாலு பெட்டி தள்ளி, தூங்குகிற அப்பாவின் தலைக்கு மேலே தொங்குகிறது.

"மாமா, இதோ ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

உணவுப் பெட்டியில் பரிமாறும் வாலெக் மீசையைத் தடவிக்கொண்டார்.

"போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் 'இதோ வர்றேன்'னு சொல்லிட்டுப் போனார். இன்னும் வந்துக்கிட்டே இருக்கார்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் கொவ்தெல்கா. ரயிலில் யிட்காவுக்கு எதிர் இருக்கைக்காரர். தூபா வாசிப்பவர். கன்றுக்குட்டி அளவு பித்தளை வாத்தியம் அது. ஆளும் அதற்கு ஏற்ற அளவுதான்.

ப்ராகில் ஏறியதுமே அவர் ஷூவைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். பையிலிருந்து கட்டம் போட்ட வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்பாடா! இனி வியன்னா வரைக்கும் இதுதான் நம்ம வீடு" என்றார். யிட்காவும் அப்பாவும் அதற்கு முன்பே வீட்டுச் செருப்புக்கு மாறியிருந்தார்கள்.

யிட்கா இப்போது தன் காலைப் பார்த்தாள். சிவப்புக் கம்பளிச் செருப்பு, முனையில் வெள்ளைக் குஞ்சம். வியன்னாவில் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் அம்மா, தன் கையால் பின்னி அனுப்பியது. அம்மாவைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறாள்.

அவள் ஒரு செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இதை வெச்சுக்கோங்க மாமா. எங்கம்மா பின்னினது. இதை விட்டுட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்."

"ஒத்தைச் செருப்பை வெச்சு என்னய்யா பண்ணுவீங்க?" என்றார் கொவ்தெல்கா.

"நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். நொண்டிக்கிட்டே எவ்வளவு தூரம் போவா?" என்ற வாலெக், செருப்பைக் கரண்டிகளுக்கு நடுவே ஒரு கொக்கியில் மாட்டினார். "சீக்கிரம் வா, மகாராணி!"

ஒரு காலில் செருப்பும் மறு காலில் வெறும் காலுறையுமாக யிட்கா ஓடினாள். அவள் கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது ரயில் வேகம் குறைந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அடுத்த நிலையம் ப்ரெட்ஸ்லாவ். இங்கே வண்டி இரண்டாகப் பிரியும். முன்பக்கத்துப் பெட்டிகளும் உணவுப் பெட்டியும் புடாபெஸ்ட் செல்லும். பின்பக்கத்து நாலு பெட்டிகள் வியன்னா செல்லும்."

கையில் அகப்பட்ட நாணயத்தை யிட்கா இறுகப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அவளும் புடாபெஸ்ட் போயிருப்பாள்!

'நல்லவேளை' என்று இருக்கையில் உட்கார்ந்தாள். கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தாள்.

இரண்டு பெரிய பழுப்பு ஷூக்கள். பக்கத்தில் தூபாப் பெட்டி.

"அப்பா! அப்பா, எந்திரிங்க!"

"வியன்னா வந்துடுச்சா?" அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இல்லப்பா. தூபா மாமா இன்னும் அங்கே சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அந்தப் பெட்டி புடாபெஸ்ட் போகுது! இன்னைக்குச் சாயங்காலம் வியன்னாவுல அவர் தங்கச்சிக்குக் கல்யாணம்னு சொன்னாரே!"

அப்பா முழுதாக விழித்துக்கொண்டார். ரயில் நின்றது. இருவரும் கதவுக்கு ஓடினார்கள். நடைமேடையில் விசிலோடு நின்ற நடத்துநர் பெண்மணி கையைக் காட்டினார்.

"முன்பாதி அஞ்சு நிமிஷத்துல கிளம்பும். உங்க பாதி பத்து நிமிஷம் நிக்கும்."

"நான் படியிலேயே நிக்கிறேன்" என்றார் அப்பா. "என் கண்ணுல படுற மாதிரி ஓடு. வண்டிப் பக்கம் ஒட்டாதே."

யிட்கா ஓடினாள். உணவுப் பெட்டியில் ஏறிப் பார்த்தால், கொவ்தெல்கா குழம்பில் ஊறிய க்னெட்லிக் என்ற மாவு உருண்டைத் துண்டை முள்கரண்டியில் தூக்கிப் பிடித்தபடி யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, இறங்குங்க! இது புடாபெஸ்ட் போகுது!"

"நான் வியன்னா போறேன், கண்ணு."

"நீங்க போறீங்க. இது போகலையே!"

துண்டு தட்டில் தொப்பென்று விழுந்தது.

"ஏன்யா வாலெக், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க சாப்பிட்ட நிதானத்தைப் பார்த்தா புடாபெஸ்ட் போறவர் மாதிரிதான் இருந்துச்சு! சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துட்டீங்க, கிளம்புங்க, கிளம்புங்க!"

கொவ்தெல்கா இறங்கி ஓடினார். அவர் ஓடினால் நடைமேடையே ஓடுவது போலிருந்தது. வலது செருப்பு பறந்து யாரோ ஒருவரின் பயணப்பெட்டிமேல் விழுந்தது. யிட்கா அதைப் பொறுக்கிக்கொண்டாள். இடது செருப்பு பறந்தது. அதையும் பொறுக்கினாள். வெறும் காலுறையோடு அவர் அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, ஊதல் வாத்தியம் போலப் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்.

"என் தங்கச்சி என்னைக் கொன்னே போட்டிருப்பா" என்றார். "பிழைச்சேன்!"

யிட்கா செருப்புகளை அவரிடம் நீட்டினாள். அப்போதுதான் பார்த்தாள், அவள் உள்ளங்கையில் ஐம்பது கொருணா நாணயம் அப்படியே இருந்தது.

"ஐயோ! நான் காசே கொடுக்கலை!"

"விடும்மா, தபால்ல அனுப்பிக்கலாம்" என்றார் அப்பா.

"என் செருப்பு?"

யிட்கா திரும்பிப் பார்த்தாள். உணவுப் பெட்டியின் கதவு மூடிவிட்டது. ஆனால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. வாலெக்கின் மீசை வெளியே எட்டிப் பார்த்தது.

"வர்றேன்னு சொல்லிட்டுத்தானேப்பா வந்தேன்" என்றாள்.

"வா!" கொவ்தெல்கா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "தினமும் தூபா தூக்குற தோள். நீ என்ன கனம்?"

காலுறைகள் தப்தப்பென்று சத்தமிட, ஜன்னலுக்கு அடியில் போய் நின்றார். யிட்கா கையை நீட்டினாள். வாலெக்கும் நீட்டினார். நாணயம் கை மாறியது.

"ஐம்பதா! மீதி மூணு தரணுமே."

"மீதி வேண்டாம் மாமா, செருப்பைக் கொடுங்க!"

விசில் ஒலித்தது. வாலெக்கின் தலை உள்ளே மறைந்தது. கொவ்தெல்கா நடைமேடையின் மஞ்சள் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் வந்து யிட்காவை இறக்கிவிட்டார். ரயில் மெல்ல நகர்ந்தது. ஜன்னல் காலியாகவே இருந்தது.

சட்டென்று ஒரு கை வெளியே நீண்டது. சிவப்புச் செருப்பு வெள்ளைக் குஞ்சத்தோடு காற்றில் பறந்து வந்தது. கொவ்தெல்கா எட்டி இரண்டு கையாலும் பிடித்தார்.

"போன மாசத்து ஆள்கிட்ட உன்னைப் பத்திச் சொல்றேன்!" என்று தூரத்திலிருந்து வாலெக் கத்தினார்.

வியன்னா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், கொவ்தெல்கா ஷூவை மாட்டி இரட்டை முடிச்சுப் போட்டார். "இனி வியன்னா வரைக்கும் கழற்றினா கேளு!"

யிட்கா தன் செருப்புக்குள் காலை விட்டாள். கட்டைவிரலில் ஏதோ சில்லென்று பட்டது. செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று ஒற்றைக் கொருணாக்கள் அவள் மடியில் கிணுகிணுவென்று விழுந்தன.