நெட் போட்ட தேநீர்

ஹேட்டியின் வீட்டில் எல்லாருக்கும் ஒரு வியாதி இருந்தது. யார் நலம் விசாரித்தாலும், "ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லிவிடுவார்கள். போன குளிர்காலத்தில் கூரை ஒழுகிப் படுக்கை நனைந்தபோது, அப்பா கையில் வாளியோடு நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் அதையேதான் சொன்னார். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

அந்த வியாதி இப்போது அண்ணன் நெட்டின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

நெட்டுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே கைகள் நடுங்கும். வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பான். அந்த மாதத்தோடு கல்லூரி முடிகிறது. பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற பொருள்களை வைத்திருந்து கொடுக்கும் அறையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை பார்த்த பொருளை நெட் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான். ஆனால் பஸ் நிறுத்தமோ செங்குத்தான இறக்கத்தின் அடியில். தினமும் டாக்ஸியில்தான் போகவேண்டும். அரசாங்க உதவித்தொகை கிடைத்தால்தான் அது கட்டுப்படியாகும்.

அதற்காக விசாரிக்கத்தான் அரசாங்க அலுவலகத்திலிருந்து திருமதி ஹிண்ட்லி வந்திருந்தார். அம்மா வீட்டைப் பளபளவென்று துடைத்து, கேக்கும் செய்து வைத்திருந்தாள்.

"நீங்களே சட்டை போட்டுப்பீங்களா, நெட்?"

"அது ஒண்ணும் பெரிய வேலை இல்லைங்க."

ஹேட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டதே அவள்தான்.

சமைப்பீர்களா என்று கேட்டார். ஏதோ சமாளிப்பேன் என்றான் நெட். வெளியே போய்வருவதற்கு? அம்மா முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒரு சிரமமும் இல்லை என்றாள். திருமதி ஹிண்ட்லி ஒவ்வொரு கேள்விக்கும் 'உதவி தேவையில்லை' என்று எழுதிக்கொண்டே போனார்.

ஹேட்டி அண்ணனின் காதருகே குனிந்தாள். "நீ நல்லா இருக்கேன்னு சொன்னா அவங்க அப்படியேதான் எழுதுவாங்க. அப்புறம் டாக்ஸியும் இல்ல, வேலையும் இல்ல."

"அழுது காட்டவா, வாண்டு?"

"வேணாம். அவங்களுக்கு ஒரு டீ போட்டுக் குடு. நான் வரமாட்டேன்."

நெட் அவளை முறைத்தான். அவன் டீ போடும்போதெல்லாம் கெட்டிலைத் தூக்குவது ஹேட்டிதான். வாக்கரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தான். அந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று யாரும் சொன்னதே கிடையாது.

திருமதி ஹிண்ட்லியும் அவன் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். உள்ளே ஏதோ உருண்டது. அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். ஹேட்டி ஓடிப்போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏய், பத்து வயசாச்சு உனக்கு. எழுந்திரு."

"மாட்டேன்மா."

ஒரு கோப்பை உடைந்தது. சர்க்கரை கொட்டியது. பூனை பறந்தடித்து வெளியே ஓடிவந்தது. ஓடி உதவவேண்டும்போல் ஹேட்டிக்குக் கை பரபரத்தது. அம்மாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருபத்தாறு நிமிடம் கழித்து, வாக்கரில் மாட்டிய கூடையில் தேநீர் வந்தது. கோப்பையில் கால்வாசி, கூடையில் முக்கால்வாசி.

திருமதி ஹிண்ட்லி நின்றபடியே அந்தக் கால்வாசியைக் குடித்தார். பிறகு எழுதிய காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, புதுக் காகிதம் எடுத்தார்.

"முதல்லேருந்து வருவோமா? சட்டைக்குப் பொத்தான் போடுறது யாரு?"

நெட் ஒரு பெருமூச்சு விட்டான். "இவதாங்க. தினமும் ஒண்ணு மாத்திப் போட்டுடுவா."

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது, உதவித்தொகை கிடைத்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமையே நெட் டாக்ஸியில் வேலைக்குப் போனான். சாயங்காலம் திரும்பியதும் அம்மா வாசலிலேயே கேட்டாள். "எப்படிடா இருந்துச்சு?"

"ஒரு குறையும் இல்..." என்று ஆரம்பித்தவன், ஹேட்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"கால் ரெண்டும் கழண்டு விழுற மாதிரி இருக்கு. ஒரு ஆளு பல்செட்டைத் தொலைச்சுட்டு வந்து என்கிட்ட கத்துனாரு, ஒரு வார்த்தை புரியல. பதினெட்டுக் குடை, எல்லாமே கறுப்பு." சொல்லச் சொல்ல அவன் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "நாளைக்கு எட்டரைக்கே டாக்ஸி. சீக்கிரம் எழுப்பி விடு, வாண்டு. பொத்தான் போடணும்ல?"