கவுன் போட்ட ஃபிரிட்ஜ்

அஃப்ரீன் வீட்டு ஃபிரிட்ஜ் கவுன் போட்டிருக்கும்.

நிஜமாகத்தான். ரோஸ் நிறத் துணி, கீழே தரையைத் தொடும் ஃப்ரில், தலைக்கு அதே நிறத்தில் ஒரு தொப்பி. எல்லாம் அவள் அம்மா கமருன்னிஸா தைத்தது. தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர் அவர்தான். புது ஃபிரிட்ஜின் மேல் மீன் குழம்பு தெறித்துவிடக் கூடாது என்று, அது வீட்டுக்கு வந்த உடனே அளவெடுத்துவிட்டார்.

"கதவு மட்டும்தான் வெளியில தெரியுது. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு," என்றார் அத்தா சேக் தாவூது. "கையி இருந்தா மருதாணி வெச்சு விட்டுருப்ப."

திருவிடைமருதூர் பக்கம் ஒரு சின்னத் தெருவில் அவர்கள் வீடு. அடுப்படி அதைவிடச் சின்னது. இரண்டு பேர் உள்ளே இருந்தால், மூன்றாவது ஆள் வாசலில் நின்றுதான் தண்ணீர் கேட்க வேண்டும்.

ஆனால் ஃபிரிட்ஜ் வாங்கப் போன அன்று, கும்பகோணத்துக் கடையில் அம்மாவுக்குப் பிடித்தது இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்.

"ஒரு ஆட்டையே உள்ள நிக்க வைக்கலாம் போலிருக்கே," என்றார் அத்தா.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அஃப்ரீன் அம்மாவின் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள். கிளம்பும் முன்பே அடுப்படி வாசலை அளந்து வைத்திருந்தாள். இப்போது ஃபிரிட்ஜை அளந்தாள்.

"அம்மா, இது உள்ளயே நுழையாது. கூடத்துல நிறுத்தி, டிவியைத்தான் அடுப்படியில வைக்கணும்."

அம்மா பெருமூச்சு விட்டார். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் முடிவாயிற்று.

"இந்தப் பட்டனைப் பாத்துக்குங்க," என்றார் கடைக்காரர். "மேல ஐஸ் கட்டிக்கிட்டா இதை அமுக்குனாப் போதும். எல்லாம் உருகிடும்."

"உருகுன தண்ணி எங்க போவும்?" என்று கேட்டாள் அஃப்ரீன்.

"அது தானாப் போயிடும் பாப்பா."

"தானா எங்க போவும்?"

அதற்குள் கடைக்காரர் வாஷிங் மெஷின் பக்கம் நகர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் அம்மாவுக்கு. அதனால் வியாழன்தோறும் சாயங்காலம் மறக்காமல் அந்தப் பட்டனை அமுக்குவார். ஐஸ் காணாமல் போகும்.

"தண்ணி எங்கம்மா?" என்பாள் அஃப்ரீன்.

"ஃபிரிட்ஜே குடிச்சிரும். நீ போயி வீட்டுப்பாடம் எழுது."

ஐப்பசி மழை தொடங்கியது. வீட்டில் கொசுவும் வந்தது. ராத்திரிக் கொசு என்றால் பரவாயில்லை, வலைக்குள் படுத்துவிடலாம். இது பட்டப்பகலில் கடித்தது. அம்மா ஒரு கையால் தோசை ஊற்றி, மறு கையால் காலைச் சொறிந்தார்.

"வேற எங்கேருந்து வரும்? சந்துல கெடக்குதே, அந்தத் தொட்டியிலேருந்துதான்," என்றார்.

சந்தில் இருந்தது பக்கத்து வீட்டுக் காளியம்மாளின் சிமெண்டுத் தொட்டி. அவருடைய மாடு செவலையும் அதன் கன்றும் தண்ணீர் குடிப்பது அதில்தான். காளியம்மாளின் மகள் கயல்விழி, அஃப்ரீனின் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருபவள். தினமும் சாயங்காலம் ஐஸ் தண்ணீர் குடிக்க இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தார். "அக்கா, உங்க தொட்டி எங்க தெருவுக்கே கொசு சப்ளை பண்ணுது."

"எங்க செவலை காலையில ஒருதரம் தொட்டியக் காலி பண்ணுது, சாயந்தரம் ஒருதரம் காலி பண்ணுது," என்று பதில் வந்தது. "கொசு முட்டை போட்டா, அது மாட்டு வயித்துக்குள்ளதான் பொரிக்கணும், கமரு."

அம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. பேரூராட்சியில் புகார் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை ஆள் வந்து பார்த்து, தொட்டியை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு.

மறுநாள் வகுப்பில் கயல்விழி தள்ளி உட்கார்ந்தாள்.

"ஏன்டி?" என்றாள் அஃப்ரீன்.

"தொட்டி போச்சுன்னா மாட்டுக்கு எதுல தண்ணி வைக்கறது? செவலையையும் கன்னுக்குட்டியையும் மாமா ஊருக்கு ஓட்டி விட்டுடுவேன்னு அம்மா சொல்லுது." கயல்விழி நோட்டைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஐஸ் தண்ணீருக்கு அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மழைக்காகப் பள்ளி விடுமுறை. அஃப்ரீன் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கணுக்காலில் சுருக்கென்றது. அடித்தாள். மறுபடியும் சுருக்.

ஜன்னல் மூடியிருந்தது. சந்துப் பக்கக் கதவும் மூடியிருந்தது. அப்படியானால் கொசு எந்த வழியாக வருகிறது?

அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். ஃபிரிட்ஜ் கவுனின் ஃப்ரில் லேசாக ஆடியது. அதற்கு அடியிலிருந்து ஒரு கொசு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

வெங்காயத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அத்தா, ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்தணும்."

"இப்பவா? பத்திரிகை படிக்கிறேன் புள்ள."

"இப்பவே. முதல்ல பிளக்கைப் புடுங்குங்க."

இடம் போதாதென்று சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருந்த ஃபிரிட்ஜை அத்தா மெதுவாக முன்னால் இழுத்தார். அஃப்ரீன் பின்பக்கத் துணியை விலக்கி, செல்போன் டார்ச்சை அடித்தாள்.

கீழே ஒரு கறுப்புத் தட்டு. அது நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. ஒன்றல்ல, கூட்டமாக. தலைகீழாகத் தொங்கி, துள்ளி, மறுபடி தொங்கின. அறிவியல் புத்தகத்தில் பார்த்த அதே கொசுப்புழுக்கள்.

அத்தா எட்டிப் பார்த்தார். அவர் அக்குளில் இடுக்கியிருந்த பத்திரிகை கீழே விழுந்தது.

"என்ன ரெண்டு பேரும் சிலையாட்டம் நிக்கிறீங்க?" என்று வந்த அம்மா குனிந்து பார்த்தார். அப்படியே அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம வீட்டுலயா?" என்றார் மெல்ல. "நம்ம ஃபிரிட்ஜுலயா?"

"உருகுன தண்ணி இங்கதாம்மா போயிருக்கு," என்றாள் அஃப்ரீன்.

அத்தா தட்டைக் கழற்றினார். அம்மா சட்டென்று எழுந்து அதைப் பிடித்தார். "குடுங்க. கொல்லையில கொட்டிடறேன். யாரும் வெளியில மூச்சு விடக் கூடாது."

அஃப்ரீன் தட்டின் மறுமுனையை விடவில்லை.

வெளியே சந்தில் பேச்சுக்குரல். கடப்பாரையைத் தரையில் ஊன்றும் சத்தம். "இந்தத் தொட்டிதானே?" என்று யாரோ கேட்டார்கள். கன்றுக்குட்டி கத்தியது.

"அம்மா," என்றாள் அஃப்ரீன், "கயலு என்கிட்ட பேசறதே இல்லம்மா."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு பிடியைத் தளர்த்தினார்.

தண்ணீர் சிந்தாமல் அடிமேல் அடி வைத்து அஃப்ரீன் சந்துக்கு வந்தாள். கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் ஷோபனா தொட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கடப்பாரையோடு ஒருவர். காளியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றார். கயல்விழி கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க தேடறது இதுல இருக்கு," என்று தட்டை நீட்டினாள் அஃப்ரீன்.

எல்லாரும் குனிந்தார்கள். ஷோபனாவின் டார்ச் வெளிச்சத்தில் புழுக்கள் குதித்து விளையாடின.

காளியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன் புள்ள, மீன் வளக்கிறியா?"

"எங்க ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருந்துச்சு அத்தை."

"ஃபிரிட்ஜுலயா?" காளியம்மாளின் கை இடுப்பிலிருந்து நழுவியது.

"ஆமாக்கா." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. முந்தானையை இழுத்து முக்காடு போட்டபடி வாசலில் நின்றார். "தொட்டியில கை வைக்காதீங்கம்மா. புகார் சொன்னது நான்தான். கொசுவ வளத்ததும் நான்தான்."

ஷோபனா சிரித்துவிட்டார். "தொட்டியில வைக்கோல் தவிர ஒண்ணும் இல்ல. இந்தத் தட்டைப் பாக்கணும்னு நிறைய வீட்டுல தெரியறதில்ல. வாரத்துக்கு ஒருதரம் கொட்டித் தேய்ச்சுக் காய வைங்க. ஃபிரிட்ஜும் சுவரும் ஒட்டிக்கிட்டு இருக்க வேணாம். அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்ல." பிறகு தட்டை வாங்கி கூரைக்கு அடியில் மழை படாத காய்ந்த மண்ணில் கவிழ்த்தார்.

கடப்பாரைக்காரர் திரும்பிப் போனார்.

காளியம்மாள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க செவலைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. தண்ணியத் தேங்க விடக் கூடாதுன்னு."

"செவலைகிட்டயும் மன்னிப்புக் கேக்கவா?"

"கேளு. கூடவே ஒரு கட்டு புல்லும் குடு."

கயல்விழிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அஃப்ரீனுக்கு அதைப் பார்த்து வந்தது. "ஐஸ் தண்ணி இருக்கா?" என்றாள் கயல்விழி.

"ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுருக்கு. சாயந்தரம் வா."

அன்று அஃப்ரீன் தையல் டேப்பை வைத்து, சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே அவள் கை தாராளமாக நுழையும்படி இடம் விட்டு நிறுத்தச் சொன்னாள். அரிசி டிரம் கூடத்துக்குப் போனது. கவுனை அம்மாவே கழற்றினார்.

இப்போதும் வியாழன்தோறும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "கமரு, தட்டைக் கொட்டியாச்சா?"

"கொட்டியாச்சுக்கா."

அந்தக் கவுன் வீணாகவில்லை. கன்றுக்குட்டியின் முதுகில் கொசு மொய்க்கிறது என்று கயல்விழி சொன்னதும், அம்மா நாலு கால் போக இடம் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். மழை விட்டதும் கன்றுக்குட்டி ரோஸ் நிற ஃப்ரில் பறக்கத் தெருவில் துள்ளி ஓடியது. முதல்முறை அதைப் பார்த்த தபால்காரர் அதிர்ந்துபோய், சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக வழிவிட்டார்.