பிணத்துக்கு மிஞ்சிய மந்திரம்

எலி எங்கேயோ செத்துக் கிடக்கிறது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். மத்தியானத்திலிருந்து அறையில் ஒரு வாடை. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டைக்குள் சளி மாதிரி ஒட்டிக்கொண்டு விழுங்கவும் முடியாத துப்பவும் முடியாத வாடை. மேசைக்கடியில், அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடைக்குள் என்று எல்லா இடத்திலும் மூக்கை நுழைத்துப் பார்த்தாகிவிட்டது. எலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சலித்துப்போய்க் கணினி முன் உட்கார்ந்தான்.

வீட்டிலிருந்தே வேலை. பாதாளக் குகைக்குள் இறங்கி மந்திரம் போட்டுப் பிழைக்கும் கணினி விளையாட்டு ஒன்றை ஒண்டி ஆளாக உருவாக்கிக்கொண்டிருந்தான். அதில் ஒருமுறை செத்தால் ஆட்டம் முதலிலிருந்துதான். அதற்குப் பயந்தவர்கள் ஒரு பொத்தானை அழுத்தி நடமாடும் பிணமாக மாறிக்கொள்ளலாம். காலையில் சரிபார்க்க அவனே அழுத்திப் பார்த்திருந்தான்.

போன் அடித்தது. விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் அக்கா.

"தம்பி, பிணமா மாறிட்டா திரும்ப மனுஷனாகவே முடியலையே. திரும்ப மாத்துற மந்திரத்தைப் போட்டா, மூச்சு வேணும்னு சொல்லுது."

மூச்சு தேவைப்படும் மந்திரங்களை மொத்தமாகப் பிணத்துக்குத் தடை செய்தபோது, சோம்பேறித்தனத்தில் அதையும் சேர்த்துவிட்டிருந்தான். ஒப்புக்கொள்ளக் கௌரவம் விடவில்லை.

"அது தப்பில்லக்கா, விதி. செத்தவன் எப்படி மந்திரம் சொல்லுவான்?"

"நல்லா வக்கணையா பேசு. அப்ப அவனுக்கு என்னதான் மிச்சம்?"

"தொட்டு உயிரை உறிஞ்சலாம். அதுக்கு வாய் வேண்டாமே."

"ச்சீ! ஆமா, உன் குரல் ஏன் இப்படித் தேயுது? ஹலோ? தம்பி, இருக்கியா?"

அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான். அவள் நாலு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சரி, அந்த மந்திரத்தைத் தடுக்கும் ஒரு வரியை எடுத்துத் தொலைப்போம் என்று விசைப்பலகையில் கை வைத்தான். திரும்ப எடுத்தபோது விரல் வந்தது, தோல் வரவில்லை. விசையின்மேல் பாலாடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. ரத்தம் இல்லை. வலி இல்லை. அந்த வாடை தன் சட்டைக்குள்ளிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

நெஞ்சில் கை வைத்தான். சும்மா இருந்தது. மூச்சை இழுத்தான். உள்ளே போகவில்லை.

ஒரே ஒரு வரி. அழித்துவிட்டால் போதும். விரல்கள் வழுக்கின. நகம் ஒன்று கழன்று விசைகளுக்கு நடுவே விழுந்தது.

வாசற்கதவு திறந்தது. மணி மூன்றரை. பள்ளி விட்டு வந்த மகள்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

வராதே. வாயைத் திறந்தான். காற்று இல்லை. தடித்த நாக்கு மட்டும் புரண்டது. கதவைத் தாழிட எழப் பார்த்தான். முழங்கால் அசையவில்லை.

"ஐயே, என்னப்பா நாத்தம் இது!"

மூக்கைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தவள், வழக்கம்போலப் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளுக்குள் கதறக் கதற, கை தானாக எழுந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது.

சூடு ஏறியது. இனித்தது. அருவருப்பாக, அத்தனை இனித்தது. அவன் நெஞ்சு ஒருமுறை துடித்தது.

"விடுங்கப்பா... குளிருது..."

அவன் கைக்குள் அந்தப் பிஞ்சு மணிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது.