பருத்திப்பால் குடித்த பேயாண்டி மாமா

சாருலதாவுக்குப் பயம் வந்தால் அது கேள்வியாகத்தான் வெளியே வரும். சைக்கிளிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு எலும்பு விலகிய நாளிலிருந்து அவள் கேட்ட கேள்விகளை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டு தீர்ந்திருக்கும். மயக்க மருந்து கொடுத்த பிறகு கனவு வருமா? கனவில் ஓடினால் கை ஆடுமா? ஆடினால் டாக்டர் என்ன செய்வார்?

"அன்னிக்குக் காலையில எதுக்கு ஒண்ணுமே சாப்பிடக் கூடாது?" என்றும் கேட்டாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சலிக்காமல் பதில் சொன்னார். மயங்கிக் கிடக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம். அது பெரிய ஆபத்து. அதனால்தான் வெறும் வயிறு. சாரு அதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு எலும்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். சின்னப் பிள்ளைகளை முதலில் எடுப்பது அங்கே வழக்கம். சாருதான் இரண்டு நாள் அப்பாவை நச்சரித்துக் கடைசி நேரத்தை வாங்கியிருந்தாள். மதியம் இரண்டரை மணி. அதற்குள் கரண்ட் போகலாம். டாக்டருக்குக் காய்ச்சல் வரலாம். எலும்பே தானாகச் சேர்ந்துகொள்ளலாம். பத்து வயதில் நம்பிக்கைக்கு என்ன பஞ்சம்?

ஆனால் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். பச்சைக் கவுனை மாட்டிக் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற கவுன். சாரு சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சென்றது. அவ்வளவு பெரிய ஆள். மீசை இரண்டு கன்னங்களிலும் இடம் பிடித்திருந்தது. வலது கை கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கியது. பெயர் பேயாண்டி. அவனியாபுரத்துக்காரர், விவசாயம். பம்புசெட்டுக் கொட்டகையில் ஓடு மாற்ற ஏறியவர், ஓட்டோடு சேர்ந்து கீழே வந்துவிட்டாராம்.

சாரு அவரை அங்கிள் என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"அங்கிள்னா யாரோ மாதிரி இருக்கு தாயி. மாமான்னு கூப்பிடு."

அவர் மனைவி இருளாயி அத்தை பிளாஸ்க்கைத் திறந்தார். சுக்கு வாசனை அறை முழுதும் பரவியது. பருத்திக்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பருத்திப்பால், சுடச்சுட. மாமா ஊதி ஊதி ஒரு பெரிய டம்ளர் குடித்தார். பிள்ளைக்கும் ஊற்றச் சொன்னார். ஒரு பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு தான் மட்டும் குடிப்பது அவருக்கு ஆகாது.

தனக்கு ஆபரேஷன் என்று சொல்லிச் சாரு எச்சிலை விழுங்கிக்கொண்டாள். மாமா கட்டு மாற்ற வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

ஒன்பதேகாலுக்கு நர்ஸ் பாண்டிமீனா அக்கா வந்தார். கையில் இன்னொரு பச்சைக் கவுன்.

"பத்து மணிக்கு நீங்கதாண்ணே. போன வாரம் மாதிரி ஓடிராதீங்க."

போன வியாழக்கிழமை மாமா இதே கவுனோடு பின்வாசல் வழியாக வெளியேறி, ஷேர் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டாராம். ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். இன்றைக்கு அவரைக் கூட்டி வருவதற்குள் தனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது என்றார் இருளாயி அத்தை. இனியும் தள்ளிப்போட்டால் கை கோணலாகவே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"காலையில ஏதாச்சும் சாப்டீங்களாண்ணே?"

"ஒரு பருக்க சோறு உள்ள போகல."

மாமா பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை பருத்திப்பால் குடிக்கிற சமாச்சாரம், சாப்பாட்டில் சேராது. அக்காவும் தாளில் டிக் போட்டுவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார்.

சாரு பிளாஸ்க்கைப் பார்த்தாள். சொன்னால் மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் அவர் திரும்ப வரப்போவதில்லை. சொல்லாவிட்டால்? டாக்டர் சொன்ன மூச்சுக் குழாய் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"அக்கா, மாமா எட்டு மணிக்குப் பருத்திப்பால் குடிச்சாங்க. ஒரு டம்ளர் நெறைய."

இருளாயி அத்தை திகைத்துப்போனார். "அது சாப்பாடா தாயி? வயித்துக்கு எதமா இருக்கும்னுல குடுத்தேன்."

அரிசி மாவும் தேங்காயும் வெல்லமும் போட்டுக் காய்ச்சியது சாப்பாடு இல்லாமல் வேறென்ன என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளை சொன்னாய் என்று சாருவின் தோளைத் தட்டினார். பிறகு விரல் விட்டு எண்ணினார். ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும். இரண்டு மணிக்கு முன்னால் மாமாவுக்கு ஆபரேஷன் செய்ய முடியாது. இரண்டரை மணி சாருவுக்கு. அதை முடித்ததும் டாக்டர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

"அப்ப அடுத்த வாரந்தான்," என்றார் அக்கா.

அத்தையின் கண் கலங்கியது. மாமாவின் முகமோ பளிச்சென்று ஆகிவிட்டது. அவருடைய கால்கள் கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேட ஆரம்பித்தன. அதைச் சாரு மட்டும்தான் பார்த்தாள்.

இரண்டரை மணி அவளுடைய நேரம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அதை விட்டால் இன்னும் அரை மணியில் உள்ளே போக வேண்டும். கரண்ட் போகவும் நேரமில்லை, காய்ச்சல் வரவும் நேரமில்லை.

"அக்கா, நான் பத்து மணிக்குப் போறேன். மாமா என் நேரத்துக்கு வரட்டும்."

சொல்லி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அக்கா டாக்டரிடம் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். டாக்டர் சரி என்றுவிட்டார். பணம் கட்டும் இடத்திலிருந்து திரும்பிய அப்பாவால் நம்ப முடியவில்லை. நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார். சாரு தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்காகவா தாயி முன்னாடி போற?"

"ஆமா மாமா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நான் திரும்பி வரும்போது நீங்க இங்க இருக்கணும்."

மாமா கால் விரலால் செருப்பைக் கட்டிலுக்கடியில் தூரமாகத் தள்ளிவிட்டார்.

உள்ளே குளிராக இருந்தது. மயக்க மருந்து டாக்டர் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னார். சாரு சத்தமாகவே எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு.

கண் விழித்தபோது அதே அறை. தொண்டை வறண்டிருந்தது. இடது கையில் வெள்ளையாகக் கட்டு. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா நெற்றியைத் தடவினார். சாரு தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

அவளுக்குத் துக்கமாக வந்தது. மாமா போய்விட்டார். அவ்வளவு சொல்லியும் போய்விட்டார்.

"அந்தப் பக்கம் என்ன பாக்குற? இங்க பாரு தாயி."

மாமா அவளுடைய கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். பிள்ளை உள்ளே போனதிலிருந்து ஆபரேஷன் அறை வாசலிலேயே நின்றாராம். உட்காரச் சொல்லி அத்தை எம்புட்டோ சொல்லியும் கேட்கவில்லையாம்.

"வலிச்சுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஊசி மட்டும் எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு மாமா. அப்புறம் பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாங்க. நான் ஏழு வரைக்கும்தான் எண்ணினேன்."

"ஏழுதானா? இந்தா, நான் பத்தையும் எண்ணிட்டு வாரேன் பாரு," என்று மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு யாரும் பிடித்து இழுக்காமல் தானாகவே உள்ளே நடந்து போனார். இருளாயி அத்தை அதை நம்ப முடியாமல் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஐந்து மணிக்கு மாமா கண் திறந்தார். மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகக் கிடந்தது. அத்தையைத் தேடவில்லை, கையைக்கூடப் பார்க்கவில்லை. சாருவின் பக்கம்தான் திரும்பினார்.

"மூணுதான் தாயி," என்றார் வேறு யாருக்கும் கேட்காத குரலில். "ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்ல?"

சாரு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"என்னோட ஏழையும் சேத்துக்கங்க மாமா," என்றாள்.