எதில் கிடைத்தது

அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த மாத்திரைப் புட்டிக்குள் ஒரு கருவாட்டு வண்டு இருந்தது. அந்த ஊரில் இருக்கக்கூடாத வண்டு.

டவுனில் இருக்கும் பிரதீபா ஆராய்வது காய்ந்த மீனையும் செத்த உடம்பையும் எலும்புவரை தின்னும் அந்த ஒரு வண்டுப் பேரினத்தை மட்டும்தான். முதுகுப் பட்டையையும் வயிற்று வெள்ளையையும் பார்த்து இனம் பிரிப்பாள். கிடைத்த ஊருக்கு வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பாள். கருவாடு காயும் காரைக்கால்மேடும் கருக்களாச்சேரியும் சிவந்து கிடந்தன. அம்பகரத்தூரில் ஒரு புள்ளிகூட இல்லை. அங்கே அப்பா வைத்தியலிங்கம் தனியாக இருக்கிறார். அம்மா போனபின் அந்த வீட்டுக்குள் மீனே வந்ததில்லை. அகப்படும் வண்டையெல்லாம் புட்டியில் அடைத்து, ஊர், தேதி, எதில் கிடைத்தது என்று சீட்டெழுதிக் கட்டி, காலை பஸ் கண்டக்டர் கருப்பையனிடம் கொடுத்தனுப்புவார். மூன்று வருடத்தில் ஒரு சீட்டிலும் அவர் இடம் விட்டதில்லை. இந்தப் புட்டியின் சீட்டில் ‘எதில் கிடைத்தது’ காலியாக இருந்தது.

அவள் புள்ளி வைத்தாள். அம்மா போனதிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. ஊருக்குப் போயே நாலு மாதம் ஆகிறது.

மறுநாள் பத்து வண்டுகள். அதற்கு மறுநாள் புட்டி நிறைய, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கண்ணாடியைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டு. மூடியைத் திறந்ததும் வந்தது கருவாட்டு வாடை இல்லை, வேறேதோ அழுகல் வாடை. மின்விசிறி சுற்றச் சுற்ற அது திரைச்சீலையிலும் அவள் தலைமுடியிலும் ஏறிக்கொண்டது. அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“வீட்ல கருவாடு ஏதும் இருக்காப்பா?”

“இல்லம்மா. சாப்பிட்டியா?”

குரலுக்குப் பின்னால் அதே கரகரப்பு.

நாலாம் நாள் பஸ் நிலையத்தில் கருப்பையன் புட்டியை நீட்டினார். “அப்பா வெளியூர் போயிருக்காங்களா பாப்பா? நாலு நாளா ஸ்டாப்புல ஆளக் காணும். புட்டி மட்டும் எப்புடியோ என் பைக்குள்ள வந்துருது.”

பயம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் ஏறினாள்.

பட்டப்பகல். கதவு திறந்திருந்தது. ஈசிசேரில் அப்பா, முதுகு காட்டி. சட்டை ஏறி இறங்கியது. மூச்சு விடுகிறார். அம்மா செத்த அன்று வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது.

“அப்பா.”

முன்னால் போனாள்.

சட்டைக்குள் வண்டுகள். அவைதான் ஏறி இறங்கின. மற்றதெல்லாம் எலும்பு. சுத்தமான எலும்பு. மடியில் ஒரு காலிப் புட்டி. விரலெலும்புகளுக்கிடையில் பேனா.

“சாப்பிட்டியாம்மா?”

பேனா நகர்ந்தது. ஊர், அம்பகரத்தூர். தேதி, நாளையது.

எதில் கிடைத்தது.

அந்த இடத்தை இந்த முறை காலியாக விடவில்லை. அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில், பிரதீபா என்று எழுதியது.